வாசிக்கிறவரே பாடினார்

எனக்குப் பன்னிரண்டு வயசில் எங்கப்பா என்னைப் பாட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொல்லவில்லை. அவர் கோவில்பட்டியில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். சங்கு ஊதி முடிந்தபிறகு கேட்டுக்கு ஓடி வருகிறவனிடம் 'உனக்கு இன்னைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குப் போ' என்று சொல்வாரே, அதே குரலில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவரே எங்கள் சபைக்கு கொயர் மாஸ்டர். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பாதிப் பாட்டில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"பொம்பளப் பிள்ளைய வரிசையில ஒரு ஆம்பளக் குரல் கேக்குது," என்றார்.

என்னோடு நின்ற பத்துப் பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். காட்டிக் கொடுக்க ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நீ வாயை மட்டும் அசைச்சுக்கோ. சத்தம் வரப்பிடாது."

அசைத்தேன். வெள்ளைப் பாவாடை, ரோஸ் ரிப்பன் எல்லாம் கட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் ஆராதனையில் நாலு பாட்டுக்கும் வாயை அசைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா ரிப்பனை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி, கடைசிச் சரணத்துல நீ பாட்டு வரி சொல்லலயே. அப்பாவை வைதுக்கிட்டுல்லா நின்னே."

அம்மா அதே மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவள். அங்கே மிஷின் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். மாமியார் கதை, மருமகள் கதை, கருவாட்டுக் குழம்பு வைக்கிற பக்குவம் எல்லாம் சத்தமே இல்லாமல் நடக்கும். எனக்கும் அம்மாவைப் பார்த்துப் பார்த்து அந்தப் படிப்பு வந்துவிட்டது. எங்கள் சபையில் பாதிப் பேர் மில்லுக்காரர்கள். நான் அப்பாவை என்ன வைதேன் என்பது முன்னால் இருந்த ஏழெட்டு பெஞ்சுக்குத் தெரிந்திருக்கும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது. டைம் ஆபீஸில் சத்தம் கிடையாது, அவருக்கு அந்தப் படிப்பு தேவைப்படவில்லை.

வாயை அடைத்ததற்கு ஈடாகவோ என்னவோ, அடுத்த வருஷமே என்னை ஆர்கன் வாசிக்க உட்கார வைத்தார். காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியப் பெட்டிதான். மரியாதைக்கு ஆர்கன் என்போம். அது சுவரைப் பார்த்து இருந்தது. ஏன் சுவரைப் பார்த்து இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டேன். 'அது அப்படித்தான் இருக்கு' என்றார்கள். வாசிக்கிறவளுடைய முதுகு சபைக்கு. ஆராதனை நடத்துகிற பாதிரியாரை ஐயர் என்போம். அவர் எப்போது எழுந்திருக்கிறார், அப்பா எப்போது கையைத் தூக்குகிறார் என்று தெரிய வேண்டாமா? அதற்காக அப்பாவின் பழைய ஷேவிங் கண்ணாடியை எனக்கு நேரே சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது. அன்று தொட்டு எங்கள் சபையை நான் அந்த உள்ளங்கை அகலக் கண்ணாடியில்தான் பார்த்தேன்.

எங்கப்பா பாடுகிற சுருதி நாலு கட்டை. ஆர்கனில் எல்லாப் பாட்டையும் அந்த உயரத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அவருக்கு அது உயரமே இல்லை. ஏணி இல்லாமல் மச்சுக்குப் போகிற ஆள் அவர், அப்படியொரு குரல். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரலை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் சபைக்கு எட்டவில்லை. தெருவில் பேசினாலே ரயில்வே கேட் வரைக்கும் கேட்கிற ஆட்கள், முதல் வரியில் முயற்சி பண்ணுவார்கள், இரண்டாவது வரியில் முணுமுணுப்பார்கள், மூன்றாவது வரியில் வாய் மட்டும் அசையும். ஐயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'சபையார் உற்சாகமாய்ப் பாட வேண்டும்' என்று பிரசங்கமே செய்தார். உற்சாகத்துக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்குப் பாட ஆசை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தடவையாவது அந்த சர்ச்சுக்குள் வாயைத் திறந்து, ஆட்கள் கேட்கும்படி பாட வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. பெரியவளாகி ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபிறகும் அந்த ஆசை போகவில்லை. குளிக்கும்போது பாடுவேன். அப்பா வெளியிலிருந்து, "நுணலும் தன் வாயால் கெடும்," என்பார். தண்ணீரை வேகமாக ஊற்றிக்கொள்வேன்.

எனக்கு இருபத்திரண்டு வயசில், எழுபதுகளின் நடுவில், மாமா லீவில் வந்தார். அம்மாவின் தம்பி, கப்பலில் சமையல்காரர். கொண்டுவந்தது சோப்பு, டார்ச் லைட், அதோடு ஒரு பெரிய இசைத்தட்டு. ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய சாமான் கடையில் வாங்கினாராம்.

"அட்டையில ஆர்கன் படம் இருந்துச்சு. நீ ஆர்கன் வாசிக்கியேன்னு வாங்கிட்டு வந்தேன்," என்றார்.

எங்களுக்கு ஆர்கன் என்றால் சர்ச். சர்ச்சுக்கு வெளியே அதற்கு ஜோலி இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்தது கிடையாது. அப்பா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தார். ஏழெட்டுப் பேர், ஒரே மாதிரிக் கோட்டு. இரண்டு பேர் கையில் சாக்ஸபோன், ஒருத்தர் கையில் டிரம்பெட், பின்னால் டிரம். எல்லோருக்கும் முன்னால், நட்டநடுவில், ஆர்கன். அதில் ஒருத்தர் இரண்டு கையையும் வைத்து, வாயை மைக்கில் வைத்து, கண்ணை மூடியிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"ஜெபத்துல இருக்காரு," என்றார் அப்பா. "எந்த ஊர்க்காரவிய?"

"இங்கிலாந்து, அத்தான்."

"அப்ப நம்ம சபைதான்," என்று இசைத்தட்டை என் கையில் கொடுத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் பிளேயர் கிடையாது. அடுத்த தெருவில் மைக் செட் அண்ணாச்சி கடை இருந்தது. கோயில் கொடை, சர்ச் பண்டிகை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். அவருக்கு எல்லாச் சாமியும் ஒரே வால்யூம். கம்பெனியில் சாப்பாட்டு நேரம் விட்டதும் இசைத்தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன்.

முதல் பாட்டு பாதி ஓடுமுன் நிறுத்திவிட்டார். "மோட்டார் திணறுது, தங்கச்சி. ஆர்கன் சத்தம் நடுங்குது பாரு," என்றார். கேட்டால் நடுங்கத்தான் செய்தது. பிளேயரைக் கழற்றி எண்ணெய் விட்டார். மறுநாளும் நடுங்கியது. பெல்ட்டை மாற்றினார். மூன்றாம் நாளும் நடுங்கியது. வேறு ஒரு இசைத்தட்டைப் போட்டுப் பார்த்தார், அது ஒழுங்காக ஓடியது. "அப்பம் கோளாறு அந்த ஆளு வீட்டு மோட்டாருலதான்," என்று முடிவு கட்டிவிட்டார். அந்த மாதிரி ஆர்கனுக்கு ஒரு பெட்டி உண்டு, அதற்குள்ளே குழாய் சுற்றிக்கொண்டே இருக்கும், சத்தம் நடுங்குவதற்காகவே சுற்ற விடுகிறார்கள் என்று வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"நம்ம குழாய் காத்துல லேசாத் திரும்பிட்டாலே ஊரு வையுது. அவன் வேணும்னே சுத்த விடுதானா?" என்றார்.

பாட்டுக்கு வருகிறேன். ஏதோ கிளப்பில் கூட்டத்துக்கு நடுவே பாடியதை அப்படியே பதிவு செய்திருந்தார்கள். பாட்டுக்கு ஊடே கிளாஸ் உருளுகிற சத்தம், யாரோ சிரிப்பது, ஒரு பொம்பளை யாரையோ கூப்பிடுவது எல்லாம் கேட்டது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒரே மூச்சில் வெட்டி வெட்டி ஊதும். அதற்குக் கீழே ஆர்கன். இதெல்லாவற்றுக்கும் நடுவே அந்த ஆளுடைய குரல். குரலா அது! பஸ் ஸ்டாண்டில் நின்று 'சாத்தூர், சாத்தூர்' என்று கூவிக் கூவித் தேய்ந்துபோன தொண்டை. எங்கப்பா அவரை கொயரில் கடைசி வரிசையில்கூடச் சேர்த்திருக்க மாட்டார். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அவர் பாடுகிறார், கூட்டம் கைதட்டுகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்காதீர்கள்.

பின் அட்டையில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை டிக்‌ஷனரி வைத்துப் படித்தேன். அவர் முதலில் ஒரு ஓரமாக உட்கார்ந்து ஆர்கன் மட்டும்தான் வாசித்தாராம். ஒரு நாள் பாட வேண்டியவர் வரவில்லை. வாசிக்கிறவரே பாடிவிட்டார். அதற்குப்பிறகு ஆர்கனை முன்னால் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இதெல்லாம் அறுபதுகளில் நடந்து முடிந்து, அந்தக் குழுவும் கலைந்திருக்கும். கோவில்பட்டிக்குச் செய்தி அப்போதுதான் வந்தது.

ஒரு மத்தியானம் ஊசியைத் துடைத்துக்கொண்டே அண்ணாச்சி கேட்டார்.

"ஒரே ஆளு வாசிக்கவும் செய்யுதான், பாடவும் செய்யுதான். தொண்டையோ பஞ்சர் ஆன ட்யூபு. எப்படித் தாங்குது?"

"மேல ஏறவே இல்லை, அண்ணாச்சி. கீழயே நின்னுக்கிடுதாரு," என்றேன்.

"ஆமா, ஆர்கன் அவன் கையில இருக்கு. தன் தொண்டைக்குத் தக்கன வச்சுக்கிடுதான். நீ எத்தனை கட்டையில வாசிக்கே?"

"நாலு."

"யாருக்கு நாலு?"

"அப்பாவுக்கு."

அண்ணாச்சி மறுபடி ஊசியைத் துடைக்கப் போய்விட்டார். எனக்குத்தான் பொறி தட்டியது. ஒன்பது வருஷமாகப் பெட்டி என் கையில், மிதிக்கிற கால் என் கால், சுருதி மட்டும் அடுத்தவர் சுருதி. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்களா? நான் அலைந்திருக்கிறேன்.

மூன்று மாசம் ஒன்றும் செய்யவில்லை. பயம். எங்கப்பா அடிக்கிறவர் இல்லை. பேசாமல் இருந்துவிடுவார், அது அடியைவிட மோசம்.

ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. விளைந்ததில் ஒரு பங்கைக் கர்த்தருக்குக் கொண்டுவந்து வைக்கிற பண்டிகை. இடைசெவல் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் பஸ்ஸிலும் சைக்கிளிலும் வந்திருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் கம்பு மூட்டை, பாசிப்பயறு, பருத்தி, பூசணிக்காய், காலைக் கட்டிய இரண்டு கோழி. சர்ச் நிறைந்து வெளியே வேப்பமரத்தடி வரைக்கும் கூட்டம். மரத்தில் அண்ணாச்சி கட்டிய குழாய். எல்லோருக்கும் தெரிந்த கீர்த்தனை. கண்ணாடியில் அப்பா கையைத் தூக்கினார்.

நான் ஒரு கட்டையில் எடுத்தேன்.

கண்ணாடியில் அப்பாவின் புருவம் ஏறியது. கை அப்படியே நின்றது. நிறுத்துவார் என்று நினைத்தேன். அதற்குள் முன்னிசை முடிந்துவிட்டது. கையை இறக்கியாக வேண்டும், இறக்கினார். நான் வாயைத் திறந்தேன்.

முதலில் என் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. அடுத்த வரிக்குள் அது கேட்கவில்லை, ஏனென்றால் சபை எழும்பிவிட்டது. எழும்பியது என்றால், அப்படி. கரிசல் காட்டில் உழுகிற சம்சாரிகள், ஸ்பின்னிங்கில் நிற்கிறவர்கள், ரீலிங் பெண்கள், கோழி பிடித்துக்கொண்டிருந்த ஆள் வரைக்கும் எல்லோருக்கும் அந்தச் சுருதி எட்டியது. பெஞ்சு அதிர்ந்தது. இத்தனை வருஷம் இத்தனை குரல் எங்கே இருந்தது என்று இருந்தது. நான் சந்தோஷத்தில் கத்தினேன். அதைப் பாடினேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

இரண்டாவது சரணத்தில் கண்ணாடியைப் பார்த்தேன்.

அப்பாவுக்குக் குரல் வரவில்லை. அவ்வளவு கீழே அவருக்குக் குரலே கிடையாது. அது எனக்குத் தோன்றவே இல்லை, கர்த்தருக்குச் சத்தியமாகத் தோன்றவில்லை. அவர் வாய் அசைந்தது, கை தாளம் போட்டது, சத்தம் இல்லை. வாயசைவு படிக்கத் தெரிந்தவள் நான். ஒரு சொல் விடாமல் பாடிக்கொண்டிருந்தார். ஐந்து சரணமும், பல்லவிக்குத் திரும்புகிற இடமும், எல்லாம் சரியாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. கால் மிதிப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் பெட்டியில் காற்று போய்விடும்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி, "இன்னைக்குத்தான் என் குழாய்க்கு வேலை இருந்துச்சு, தங்கச்சி," என்றார்.

வீட்டில் அப்பா சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் கம்மி என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. திங்கள், செவ்வாய், புதன், ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மில்லிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"ஏட்டி, அந்த இசைத்தட்டை எடு."

உடைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி கடைக்கு நடந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தார். முன்பக்கம் முழுவதும் கேட்டார். "திருப்பிப் போடுங்க," என்றார். பின்பக்கமும் கேட்டார். நடுவில் அந்தப் பொம்பளை கூப்பிடுகிற இடத்தில் மட்டும் லேசாகத் திரும்பிப் பார்த்தார். முடிந்ததும் அட்டையை வாங்கி இன்னொரு தடவை பார்த்தார்.

"ஜெபத்துல இல்ல இந்த ஆளு," என்றார்.

அண்ணாச்சி வயரைச் சுற்றத் தொடங்கிவிட்டார்.

"தொண்டையும் கிடையாது. ஆனா பொய்யாப் பாடல," என்றார் அப்பா.

திரும்பி நடக்கும்போது ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நின்றோம். கேட் திறக்கும்வரைக்கும் போகிற கூட்ஸ் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி போனபிறகு சொன்னார்.

"ஒரு கட்டையில எனக்கு ஒண்ணுமே வரல, ஏட்டி."

"தெரியும்ப்பா. கண்ணாடியில பார்த்தேன்."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

கொஞ்ச தூரம் போனபிறகு, "வர்ற வாரம் ரெண்டு கட்டை வையி, பார்ப்போம்," என்றார்.

அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த சமாதானம். பன்னிரண்டு வயசில் சொன்னதற்கு அவர் வருத்தப்பட்டாரா என்று நான் கேட்கவில்லை. பண்டிகையன்று செய்ததற்கு நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு கட்டையில் அவருக்குக் கீழே பாதி போய்விடும், எனக்கு மேலே கொஞ்சம் உடையும். சபைக்குச் சரியாக இருந்தது. அப்பா கடைசிவரைக்கும் கொயர் மாஸ்டராக இருந்தார், நான் கல்யாணமாகி அதே ஊரில் இருந்ததால் ஆர்கனை விடவில்லை. வாசித்துக்கொண்டே பாடினேன். பெட்டி மட்டும் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. அதைத் திருப்பிப் போட, கமிட்டி கூடி முடிவெடுக்க வேண்டுமாம்.

அதற்குப்பிறகு நாலு கட்டையில் அப்பா பாடியது குளிக்கும்போது மட்டும்தான். நான் அம்மாவைப் பார்க்கப் போகிற நாட்களில் கேட்டிருக்கிறேன். தெருவுக்கே கேட்கும். நுணல் என்று நான் சொன்னதில்லை.

பத்து வருஷம் கழித்து, ஒரு ஆனி மாசம், மேல்காத்து புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தபோது அப்பா இறந்துபோனார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் நேரமில்லை. அடக்க ஆராதனைக்கு யார் வாசிப்பது என்று ஐயர் தயங்கினார். நானே வாசிக்கிறேன் என்றேன். அப்பா இருந்த சவப்பெட்டியைப் பீடத்துக்கு முன்னால், பண்டிகையன்று கம்பு மூட்டை இருந்த இடத்தில் வைத்திருந்தார்கள். எனக்கு அது கண்ணாடியில் தெரிந்தது. அம்மா முதல் பெஞ்சில் இருந்தாள்.

அதே கீர்த்தனை. நாலு கட்டையில் எடுத்தேன்.

சபை முதல் வரியில் முயற்சி பண்ணியது. இரண்டாவது வரியில் முணுமுணுப்பு. மூன்றாவது வரியில் வாய் மட்டும் அசைந்தது. அந்த உயரத்துக்கு ஏறக்கூடிய ஒரே ஆள் ஏறவில்லை. ஐந்து சரணமும் ஆர்கன் தனியாகப் போனது. ஐயர் ஒரு தடவை என் பக்கம் திரும்பினார், நான் இறக்கவில்லை. எனக்கும் எட்டாது. அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி நானும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். ஆட்கள் ஒவ்வொருத்தராகப் போனபிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியில் எனக்குச் சபை தெரிந்தால், சபைக்கும் என் முகம் தெரியும் என்பது அதுவரைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

"ஏட்டி, கடைசிச் சரணத்துல நீ பாட்டு வரி சொல்லலயே," என்றாள். "அப்பாவைக் கூப்பிட்டுக்கிட்டுல்லா இருந்தே."